லம்மி போட்ட முடிச்சு

படகின் பக்கங்களில் தொங்கும் ரப்பர் உருளைகளைக் கழுவும் வேலை எப்போதும் லம்மியுடையது. அஸ்ஸன் துறையில் அந்த வெள்ளிக்கிழமைக் காலை ஒரு வாளி வெந்நீர், கொஞ்சம் பச்சைச் சோப்பு, பாதி மயிர் கொட்டிப்போன ஒரு பிரஷ் சகிதம் மேல்தளத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளின் சுவர்ப் பாசி அந்த உருளைகளில் மீன் செதில் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் அடுத்த மதகில் படகின் வெள்ளைப் பக்கமெல்லாம் பச்சைக் கோடு விழும். கோடு விழுந்த படகைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள். அது போதும்.

வுப்போ பின்பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கால்வாயில் திறக்காத பாலங்கள் சில தாழ்வு. அதனால் பாய்மரத்தை இறக்கி, முன்னும் பின்னும் மரக்கவைகள் வைத்து, படகின் நீளத்துக்கும் அதைப் படுக்கப்போட்டிருந்தார்கள். எழுந்ததிலிருந்து இரண்டு முறை அதில் மண்டையை இடித்துக்கொண்டவர் இப்போது அதன் கீழேயே கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கடைசி உருளையில இன்னும் பச்சை இருக்கு."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு உனக்கு. கை எங்க போச்சு?"

"கை காபி குடிக்குது."

"குடிச்சு முடிச்சதும் சொல்லு. இன்னொரு பிரஷ் கீழ இருக்கு."

வுப்போ சிரித்தார். எழுந்து வரவில்லை. ஆறு வருஷமாக இதே பேச்சு, கொஞ்சம் முன்பின்னாக. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "திங்கக்கிழமை கேப்பாங்க, லம்மி," என்றார்.

"தெரியும்."

"ஒருத்தரா, ரெண்டு பேரான்னு."

"தெரியும்னு சொன்னேன்ல."

அவள் கடைசி உருளையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். அவர் சொன்னது சரிதான், இன்னும் பச்சை இருந்தது.

வுப்போவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. முப்பத்தைந்து வருஷம் பால் டேங்கர் லாரி ஓட்டி, பண்ணை பண்ணையாக ஏறி இறங்கிய கால்கள். மெப்பலில் அவருடைய வீட்டு மாடிப்படி, அந்த ஊர்ப் பழைய வீடுகளில் இருப்பதுபோல, செங்குத்தில் ஏணிக்கு ஒரு பிடிதான் குறைவு. ராத்திரி படுக்கப் போகும்போது கையையும் ஊன்றி நாலு காலில்தான் ஏறுகிறார். மெப்பல் துறையின் கரையில் வயதானவர்களுக்கென்று புதிதாகக் கட்டிய கட்டிடத்தில், பெயர் பதிந்துவிட்டு அவர் மறந்தே போயிருந்த சமயத்தில், முறை வந்துவிட்டது. ஒருவர் மட்டும் என்றால் சாலைப் பக்கம் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை. இருவர் என்றால் தண்ணீர்ப் பக்கம் இரண்டு அறை, ஜன்னலுக்கு நேர் கீழே படகு கட்ட இடம். ஆனால் அந்த இரண்டாவது ஆள், தான் இருக்கும் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வாடகை வீடு கிடையாது. திங்கட்கிழமைவரை பொறுப்பதாக வீட்டுச் சங்கத்துப் பெண் சொல்லியிருந்தாள்.

இரண்டாவது ஆள் லம்மி. கேட்டது வுப்போ. கால்வாயில் மேலே ஏறி வந்தபோது முதல் மதகிலேயே கேட்டுவிட்டார். "பாக்கலாம்" என்றாள். அடுத்ததிலும் பாக்கலாம், அதற்கடுத்ததிலும் பாக்கலாம். இப்போது பருவம் முடிந்து வீடு திரும்பும் பயணம். ஒவ்வொரு மதகாகக் கீழே இறங்கினால் மெப்பல்.

லம்மி பிறந்தது தரையில் இல்லை. அப்பாவின் சரக்குப் படகு கிழங்கு மாவு ஆலைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வழியில் பிறந்தாள். நடக்க ஆரம்பித்ததும் இடுப்பில் ஒரு வாரைக் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைப் படகின் நடுவிலிருந்த வளையத்தில் மாட்டினார்கள். படகுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். கயிறு தண்ணீருக்கு ஒரு அடி முன்னாலேயே நின்றுவிடும். அம்மாவுக்கு வேலை ஓட வேண்டுமே. அவிழ்த்துவிட்ட பிறகும் கொஞ்ச நாள் அந்த இடம் வந்ததும் தானாகவே நின்றுகொண்டிருந்தாளாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஏழு வயதில் படகுக்காரப் பிள்ளைகளின் விடுதிக்கு அனுப்பினார்கள். ஒரு நீளக் கூடம், வரிசையாக இரும்புக் கட்டில்கள், தலைமாட்டில் பூட்டில்லாத அலமாரிகள். அலமாரியில் யார் வேண்டுமானாலும் கை விடலாம், விட்டார்கள். அப்பாவின் படகு அந்த ஊர் வழியாகப் போகிற நாளில் பாலத்துக்குப் போய்க் கையாட்ட அனுமதி உண்டு. விடுமுறையில் படகுக்கு வந்தால் கயிறு அவள் கைக்கு வந்துவிடும். மதகில் கயிறு பிடிப்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சாப்பிடச் சொல்லித்தராத மாதிரி.

பிறகு ஏவர்ட். குழாய் வேலை செய்கிற, அதிர்ந்து பேசாத மனிதன். நாளெல்லாம் தண்ணீரோடு வேலை, ஆனால் படகில் கால் வைத்தால் குமட்டிவிடும். அவன் அம்மா வீட்டு மாடியில் குடித்தனம் வைத்தார்கள். மாடிக்குத் தனிக் கதவு இல்லை. மாமியாரின் முன்னறையைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும், தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். "யாரு, லம்மியா?" என்று ஒரு குரல் வரும். வேறு யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் கேட்பாள். "நான்தான்" என்று இவளும் சொல்வாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்து, ரொட்டி வாங்கப் போய் வந்து, ஒரு மகளைப் பெற்று வளர்த்து, எத்தனையோ வருஷம் "நான்தான், நான்தான்" என்றே போனது. மாமியார் போன பிறகு கீழே இறங்கி வந்தார்கள். வந்து கொஞ்ச காலத்தில் ஏவர்ட் படுத்துவிட்டான், அதே முன்னறையில். அதன் பிறகு யாரு லம்மியா என்று கேட்டது அவன்.

ஏவர்டும் போய், எல்லாம் முடிந்து அறுபதாவது வயதில், தெருக்கோடியில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனாள். கதவில் அவள் பெயர் மட்டும் இருந்தது. முதல் வாரம் ஒரு காரணமும் இல்லாமல் பூட்டிப் பூட்டித் திறந்தாள். உள்ளே நுழைந்ததும் வாய் தானாகத் திறக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை என்று தெரிந்து மூடிக்கொள்ளும். சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். நன்றாக இல்லை. மாற்றவுமில்லை. நன்றாக இல்லை என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

அதற்கு அடுத்த வருஷம்தான் வுப்போ. மெப்பலுக்கு வெளியே மதகருகில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாய்மரப் படகு குறுக்கே திரும்பிக்கொண்டு நின்றது. அதில் ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல், "யோவ் மடையா, கயித்த விடுய்யா!" என்று கரையிலிருந்து கத்திவிட்டாள். மறுநாள் சந்தையில் வறுத்த மீன் கடையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "நேத்து மடையான்னு கூப்பிட்டது நீங்கதானே?" திரும்பினாள். "ஆமா." "சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கீங்க. மீன் வாங்கித் தரலாமா?"

அதிலிருந்து மே மாதம் முதல் செப்டம்பர்வரை படகு. படகின் பெயர் 'இன்னும் கொஞ்சம்'. பழைய சொந்தக்காரர் வைத்தது, எதை நினைத்து வைத்தாரோ. குளிர்காலத்தில் அவரவர் வீடு. புதன்கிழமை அவள் சமையல், ஞாயிற்றுக்கிழமை அவர் சமையல். அவர் சமையல் என்றால் மசித்த உருளைக்கிழங்கும் கீரையும் ஒரு இறைச்சி உருண்டையும். வருஷம் முழுக்க அதுதான்.

இறங்கும் மதகில் கயிற்றைக் கட்டக் கூடாது. முன்னும் பின்னும் கதவு மூடி, நடுவில் படகு நிற்க, தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தண்ணீரோடு படகும் கீழே போகும். கரைமேலுள்ள இரும்புக் குற்றியில் கயிற்றை ஒரு சுற்று விட்டு, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். முழுக்க விட்டால் படகு திரும்பிக்கொள்ளும். கட்டினால் தொங்கிவிடும். இந்தக் கட்டியும் கட்டாத பிடிக்கு அங்கே ஒரு சொல் இருக்கிறது: லொஸ்ஃபஸ்ட். வீடு ஒன்றாக இல்லாமல் ஜோடியாக இருக்கிறவர்களையும் ஊர் அதே சொல்லால்தான் சொல்லும். லம்மியையும் வுப்போவையும் பற்றிச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. நல்ல சொல்தான் அது.

மூன்றாவது மதகுக்கு அவர்கள் வந்தபோது காபி நேரம் தாண்டியிருந்தது. மதகுக்காரி ரீகா ஸ்கூட்டரில் முன்னால் வந்து கதவைத் திறந்துவைத்திருந்தாள். கால்வாயின் இந்தப் பகுதியில் அவள்தான். பாலம், மதகு என்று படகுகளுக்கு முன்னால் ஓடித் திறந்து, பின்னால் வந்து மூடுவாள்.

"வாங்க கேப்டன்! பாய்மரம் தூங்குது, நீங்களும் தூங்கிட்டா வர்றீங்க?"

"நீ தெறக்கறதுக்குள்ள தூங்கி எழுந்தாச்சு."

பின்னாலேயே உட்ரெக்ட் பக்கத்திலிருந்து வந்த ஒரு மோட்டார் படகும் நுழைந்தது. அதில் ஒரு கணவன், மனைவி. இருவருக்கும் ஒரே நீலத்தில் சட்டை. கரையில் சைக்கிள்காரர்கள் நாலைந்து பேர் ஐஸ்கிரீமோடு நின்றார்கள். மதகில் படகு இறங்குவதை வேடிக்கை பார்க்க அந்த ஊரில் எப்போதும் ஆள் இருக்கும்.

வுப்போ படகைச் சுவரோடு மெதுவாகச் சேர்த்தார். லம்மி முன்பக்கத்திலிருந்து குற்றியில் கயிற்றைப் போட்டு, ஒரு சுற்று, நுனி கையில். வுப்போ பின்கயிற்றை அதேபோலப் பிடித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தினார். பின்னால் கதவு மூடியது. ரீகா தன் கூண்டுக்குள் பொத்தானை அழுத்தினாள். சத்தமில்லாமல் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

"வீட்டுச் சங்கத்துப் பொண்ணு இன்னைக்கு மதியம் ஆபீஸ்ல இருப்பாளாம்," என்றார் வுப்போ. "திங்கக்கிழமைவரைக்கும் எதுக்கு? இன்னைக்கே சொல்லிட்டா முடிஞ்சுது."

"இப்பவா? மதகுக்குள்ளயா?"

"மதகுக்குள்ளதான் உன்னால ஓட முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"லம்மி. இந்தப் பிப்ரவரியில ஒரு நாள் படியில சறுக்கிட்டேன். சொல்லல உன்கிட்ட. கைப்பிடிய புடிச்சுட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா உக்காந்து யோசிச்சேன். நடந்தது ஒரு திங்கக்கிழமை. விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்? புதன்கிழமை சாப்பாட்டுக்கு வரலையேன்னு நீ பாத்தாத்தான் தெரியும்."

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், டேங்கரில் டீசல் தீர்ந்த கதை மாதிரி. லம்மி சுவரைப் பார்த்தாள். ஈரச் சுவர், கல் இடுக்கில் முளைத்த ஒரு செடி, மேலே போய்க்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி மங்கியது. கழற்றி, ஸ்வெட்டர் ஓரத்தால் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கமும் துடைத்தாள்.

இரண்டு கையாலும் துடைக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மதகில் இருப்பவளுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கக் கூடாது.

படகு கிர்ரென்று முனகியது. பின்பக்கம் கீழே போய்க்கொண்டிருந்தது, முன்பக்கம் போகவில்லை. கயிறு இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. படகு விளிம்பில் கயிறு கட்டும் கொம்பில் ஒரு சுற்று, குறுக்கே எட்டு மாதிரி இரண்டு சுற்று, அதற்கு மேல் இறுக்கி ஒரு பூட்டு முடிச்சு. வீட்டுத் துறையில் ராத்திரிக்குப் படகை நிறுத்தும்போது போடுகிற கட்டு. அவள் கை போட்டதுதான். எப்போது போட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"விடு! லம்மி, விடு!"

"வரல!"

"விடுங்கறேன்!"

"வரலைங்கறேன்ல! இறுகிடுச்சு! ரீகா! நிறுத்து, நிறுத்து!"

உட்ரெக்ட்காரர், "கத்தி! கத்தி எடுங்க!" என்று கத்தினார். தன் கத்தியைக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரீகா பொத்தானை அடித்தாள். ஆனால் தண்ணீர் உடனே நிற்கிற பொருள் இல்லை. படகு அறைக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டு விழுந்தது. பிறகு எல்லாத் தட்டுகளும் விழுந்தன. லம்மி கீழே அறைக்குள் குதித்து, ரொட்டிக் கத்தியோடு மேலே வந்தாள். வுப்போ எட்டி வாங்கப் பார்த்தார்.

"கிட்ட வராத. அறுந்தா மூஞ்சியில அடிக்கும். அந்தப் பக்கம் போ."

அவள் படுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழைய ரொட்டியை அறுப்பதுபோல அறுத்தாள். ஒவ்வொரு இழையாகப் பட்பட்டென்று விட்டது, கடைசியில் துப்பாக்கிச் சத்தத்தோடு முழுதும் போனது. படகு தண்ணீரில் தொப்பென்று விழுந்து ஆடியது. பாய்மரம் முன்கவையிலிருந்து எழும்பி, படகு முனையிலுள்ள கைப்பிடிக் கம்பியை வளைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மோட்டார் படகின் பெண்மணி "அம்மாடியோவ்" என்றாள். கரையில் ஐஸ்கிரீம்காரர்களில் ஒருவர் கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

ரீகா விளிம்புக்கு ஓடி வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கும் அடியில்லையே? லம்மிக்கா, நீங்களா? நீங்க போய் கட்டுனீங்களா?"

லம்மி கத்தியைக் கீழே வைத்தாள். பாய்மரத்தைக் கவையில் தூக்கி வைக்க வேண்டும், கையைக் கொடு என்று வுப்போவிடம் சொன்னாள். அவரோ கொம்பில் மிச்சமிருந்த முடிச்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ரீகா, இதப் பாரு! பூட்டு முடிச்சு! ராத்திரிக்கு போடற முடிச்சு!"

"அடப் பாவமே."

"பாவம் இல்ல. பொறந்ததுலேருந்து மதகுல கட்டாத கை இது. நான் ஒண்ணு கேட்டேன். வாய் பதில் சொல்லல. கை சொல்லிடுச்சு!"

"என்ன கேட்டீங்க?"

"என்கூட வந்து இருக்கியான்னு."

ரீகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உட்ரெக்ட்காரர் மனைவி, "ஓ! வாழ்த்துகள்!" என்றாள். வுப்போவுக்கு வாழ்த்து சொன்னாள், லம்மிக்குச் சொன்னாள், பிறகு மேலே பார்த்து ரீகாவுக்கும் சொன்னாள். அந்த நாட்டில் ஒருவருக்கு நல்லது நடந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் வாழ்த்து சொல்லாமல் விட மாட்டார்கள். கரையிலிருந்தவர்களும் இப்போது எல்லோருமாகக் கைதட்டினார்கள். ரீகா மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டாள். லம்மி வேறொரு கயிற்றை எடுத்துக் குற்றியில் போட்டு, நுனியைக் கையில் பிடித்து, கீழே போகும்வரை அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதகு தாண்டியதும் கரையோரம் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். லம்மி கீழே உடைந்தவற்றைக் கூட்டி அள்ளினாள். இரண்டு தட்டும் ஒரு கோப்பையும் பிழைத்திருந்தன. முன்கம்பியைப் பார்க்கிறேன் என்று கரைக்கு இறங்கிய வுப்போ, ஓக் மரங்களுக்குக் கீழே கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு ரீகாவின் ஸ்கூட்டர் வந்து அவரருகில் நின்றது. இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

லம்மி முறத்தோடு நின்று தன் கையைப் பார்த்தாள். அந்த முடிச்சு எப்போது போடுவது என்று அவளுக்குத் தெரியும். படகு இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், காலையில் எழுந்து பார்த்தால் நகர்ந்திருக்கக் கூடாது என்றால் போடுவது. வுப்போ விழுந்துவிடுவாரே என்று கை கட்டியிருக்கலாம். தெருக்கோடி வீடு போய்விடுமே என்றும் கட்டியிருக்கலாம். இரண்டுக்கும் அதே முடிச்சுதான். கையைக் கேட்டுப் பயனில்லை. பீங்கான் துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைப் பையில் போட்டாள்.

அடுத்த பாலத்தில் ரீகாவுக்குப் பதில் வேறு ஆள். ஹார்ம் என்று ஒரு பெரியவர், பாலக் கூண்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"முடிச்சுக்காரங்க வந்தாச்சா!"

"அதுக்குள்ளயா?" என்றாள் லம்மி.

"ஃபோன்னு ஒண்ணு இருக்கே தாயி. தண்ணிப் பக்கத்து வீடாமே! ரெண்டு அறையாமே! என் மச்சினிச்சி அங்கதான் மாடியில இருக்கா. ஜன்னல்ல பூந்தொட்டி வைக்க விட மாட்டாங்க, இப்பவே சொல்லிட்டேன்."

"வீடா? அது இன்னும் முடிவாகலையே."

ஹார்ம் வுப்போவைப் பார்த்தார். "ஃபோன் பண்ணியாச்சு, ரெண்டு பேர்னு சொல்லியாச்சுன்னு ரீகாகிட்ட..." அதோடு நிறுத்திக்கொண்டு உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டார். பாலம் எழுந்தது.

வுப்போ சுக்கானைப் பிடித்து நேரே பார்த்தபடி ஓட்டினார், ஊசிக்காதுக்குள் படகை விடுகிறவர் மாதிரி. அந்தப் பாலத்துக்கடியில் இரண்டு படகு சேர்ந்தே போகலாம்.

அதற்குப் பிறகு வந்த மதகுகளில் லம்மி வழக்கம்போலக் கயிறு பிடித்தாள். விரலிடுக்கில் கயிறு ஒழுங்காக ஓடியது. வுப்போ பேசிக்கொண்டே வந்தார். சோஃபாவை எந்தச் சுவரோரம் போடலாம், அவளுடைய தையல் மெஷினுக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டுமே, வளைந்த கம்பியைக் கொல்லனிடம் கொடுத்தால் நிமிர்த்தித் தருவான். ஹார்ம் சொன்னதைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. மேல்தளத்தில் நின்றுகொண்டு, காற்றில் கேட்கக் கத்திப் பேசுகிற பேச்சில்லை அது.

சாயங்காலம் மெப்பலுக்கு முந்தைய சின்னத் துறையில் தங்கினார்கள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அந்தத் துறையில் படகுக்காரர்கள் பாத்திரம் கழுவ ஒரு அறை உண்டு: நீளத் தொட்டி, இரண்டு குழாய், புல்வெளியைப் பார்த்த ஒரு ஜன்னல். வேறு யாருமில்லை. லம்மி கழுவினாள். வுப்போ துணியோடு பக்கத்தில் நின்று துடைத்தார்.

"மதியம் ஃபோன் பண்ணியா?"

"பண்ணேன்."

"ரெண்டு பேர்னா சொன்ன?"

"நீதான கட்டின."

"கயித்தக் கட்டினேன், வுப்போ."

"எல்லாருக்கும் முன்னாடி நீ ஒண்ணும் மறுக்கலையே. வாழ்த்து சொன்னாங்க, நின்ன."

"பாய்மரம் கம்பியில தொங்கிட்டிருந்தது. அதைப் பாப்பேனா, உன் உட்ரெக்ட்காரிக்குப் பதில் சொல்வேனா?"

அவர் ஒரு தட்டைத் துடைத்து வைத்தார். இன்னொரு தட்டை எடுத்தார். அவ்வளவுதான் தட்டு.

"ரோட்டுப் பக்கம்னா நாள் முழுக்க டயர் கடையப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். படகு எங்கயோ கெடக்கும்."

"தெரியும்."

"நீ என்ன, மாமியார் வீட்டுக்கா வரப்போற? யாரு வந்தா யாரு போனான்னு நான் கேப்பேனா?"

"கேக்க மாட்ட. ஆனா நீ உள்ள இருப்ப. நான் வரும்போது நீ உள்ள இருப்ப, நான் போகும்போது பாத்துட்டிருப்ப. நீ நல்ல ஆளு. அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

அவள் கத்திகளையும் முள்கரண்டிகளையும் நுரையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலசினாள். சொல்லத் தெரிந்திருந்தால் முதல் மதகிலேயே சொல்லியிருப்பாள்.

"தினம் காலையில எட்டு மணிக்கு ஃபோன் பண்றேன்," என்றாள். "எடுக்கலைன்னா சைக்கிள எடுத்துட்டு வந்துடுவேன். உன் வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட குடு. புதனுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ரோட்டுப் பக்கத்து அறைக்குத் திரைச்சீலை நான் தெச்சுத் தர்றேன். என் வீட்ட மட்டும் குடுக்க மாட்டேன், வுப்போ. திங்கக்கிழமை மறுபடி ஃபோன் பண்ணி ஒருத்தர்னு சொல்லிடு. நீயே சொல்லு."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வட்டமாக, ஒரே வேகத்தில். ஜன்னலுக்கு வெளியே புல்லில் யாரோ கூடாரத்துக்கு முளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் குழாயை மூடினாள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"மே மாசம் படகு எடுக்கும்போது நான் வரட்டுமா?"

வுப்போ தட்டைத் திருப்பி, அடிப்பக்கத்தைத் துடைத்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. லம்மி காத்திருந்தாள். வெளியே முளையடிக்கிற ஆள் நிறுத்தி, யாரிடமோ ஏதோ கேட்டு, மறுபடி அடிக்கத் தொடங்கினார். துணி வுப்போவிடம் இருந்ததால் லம்மி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். கரண்டிகளை ஈரத்தோடு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, தொட்டியை இடுப்பில் இடுக்கி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.